கண்டக்டர் தங்கவேல் தரை போட்டது

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, மாரியம்மன் கோயிலைத் தாண்டினால் கண்டக்டர் தங்கவேலின் வீடு வரும். அந்த வீட்டில் எது கை நழுவி விழுந்தாலும் யாரும் பதறுவதில்லை. எலுமிச்சம்பழமோ மாத்திரையோ நூல்கண்டோ, விழுந்தது தானாகவே உருண்டு போய்க் கூடத்தின் நடுவில் நின்றுகொள்ளும். அங்கே சிவப்பு சிமெண்டுத் தரை ஒரு தாம்பாளம் போலக் குழிந்திருந்தது. "பள்ளத்துல பாரு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பள்ளத்திலும் இல்லையென்றால் அந்தப் பொருள் இனி இந்த உலகத்தில் இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பள்ளத்தோடு அவர்கள் ஒரு மாதிரி பழகிப் போயிருந்தார்கள். பெருக்கினால் குப்பை தானே நடுவில் சேர்ந்துவிடும். கழுவிவிட்டால் குட்டிக் குளம் ஒன்று தேங்கும், அதை பிளாஸ்டிக் மக்கால் மொண்டு வாசலில் கொட்ட வேண்டும். தங்கவேலுக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. பாதி ஆயுளைப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் ஒரு தனியார் பஸ்ஸில் நின்றபடியே கழித்தவர் அவர். எதையும் பிடிக்காமல், குலுங்குகிற தளத்தில் காலை அகட்டி நின்று, ஒரு கையால் சில்லறை எண்ணி மறு கையால் டிக்கெட் கிழிக்கத் தெரிந்தவருக்குச் சாய்ந்த தரை எம்மாத்திரம்?

பஸ்ஸில் பேசுவது போலத்தான் வீட்டிலும் பேசுவார். சமையலறை வாசலில் யாராவது நின்றால் போதும், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது பாரு" என்பார். இடமில்லை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, ஆட்களுக்கு நகர மனசு வருவதில்லை, அவ்வளவுதான் என்பது அவர் கொள்கை. கல்யாணமான புதிதில் கலியம்மாளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது அவள் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டே, அவர் சொல்வது எதுவும் காதில் விழாதவள் போல இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வினை, மகள் அர்ச்சனாவைப் பெண் பார்க்க மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களோடு வந்தது. அர்ச்சனா பாகூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே, கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாளா என்பதுதான். அர்ச்சனாவின் முகம் அப்போதே மாறிவிட்டது. பெரியவர்கள் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் மாப்பிள்ளையின் தாய்மாமன் நகர்ந்துகொண்டிருந்தார்.

கரும்பு விவசாயி. கனத்த உடம்பு. அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியைப் பள்ளத்தின் விளிம்பில் போட்டிருந்தார்கள். கேசரித் தட்டைக் கையில் வாங்கிய மறுகணம் நாற்காலி மெதுவாகப் பின்பக்கமாக வழுக்க ஆரம்பித்தது. அவரும் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வரதட்சணை பற்றித் தங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, பேச்சுக்கும் தனக்கும் நடுவில் தூரம் கூடக் கூடக் குரலை உயர்த்திக்கொண்டே போனார். விருந்தாளி நாற்காலியோடு விலகிப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கவேலுக்குத்தான் பழக்கதோஷத்தில் வாய் திறந்தது.

"கம்பியப் புடிச்சுக்கோங்க!"

அங்கே கம்பி ஏது? நாற்காலியின் பின்கால் மடிந்தது. தாய்மாமன் பள்ளத்தில் மல்லாந்தார். கேசரி அவருடைய நெஞ்சில் அப்பிக்கொண்டது. அர்ச்சனா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். வந்தவர்கள் போன் பண்ணிச் சொல்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். போன் வரவே இல்லை.

"நல்லதாப் போச்சும்மா. அந்தப் பள்ளந்தான் என்னக் காப்பாத்துச்சு" என்றாள் அர்ச்சனா.

கலியம்மாள் சிரிக்கவில்லை. "இந்தத் தரை இருக்கிற வரைக்கும் இந்த வூட்டு வாசப்படிய ஒரு மனுசன் ஏறமாட்டான்" என்றாள். "இதப் பேத்துப் போடுற வழியப் பாருங்க."

கொத்தனார் தேடும் படலம் ஆரம்பித்தது. ஒருவர் வந்து, பள்ளத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, திங்கட்கிழமை வருகிறேன் என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. இன்னொருவர் டீ குடித்தார், பள்ளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார், "நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு வேலை இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றார். அந்த ஓட்டல் இன்னும் கட்டி முடியவில்லை.

கடைசியில் கலியம்மாளின் தம்பி மணிபாரதிதான் பற்றவைத்தான். சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்ப்பான். கிணறு வெட்டுவது, கேக் சுடுவது, பல் பிடுங்குவது என்று அவன் பார்க்காத வீடியோ இல்லை.

"கொத்தனாரு இன்னாத்துக்கு மாமா? எல்லாம் போன்ல கீது. நாலு பேரு சேந்தா ஒரு ஞாயித்துக்கெழமைல முடிச்சிடலாம்."

தங்கவேலுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓடுகிற பஸ்ஸின் தளத்தில் பாதி வாழ்க்கை நின்றவனுக்குத் தரையைப் பற்றித் தெரியாததா?

பாகூரில் ஷேக் மைதீன் பாயின் டைல்ஸ் கடைக்குப் போனார்கள். பாய் நிதானமான ஆள், எதற்கும் ஆச்சரியப்படாதவர்.

"கூடம் எவ்ளோ பெருசு கண்டக்டரே?"

தங்கவேல் அளந்துகொண்டு வரவில்லை. ஆனால் அவருக்கு அது தேவையும் இல்லை. கண்ணை மூடிக் கூடத்தை மனசில் கொண்டுவந்தார். "நெருக்கி நிக்கவெச்சா எழுபது பேரு நிப்பாங்க பாய்."

மணிபாரதி தலையில் அடித்துக்கொண்டான். பாய் மட்டும் கால்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: "சாதா நாளா, முகூர்த்த நாளா?"

"முகூர்த்த நாளு."

"லக்கேஜோடயா?"

"கூடை மட்டும். மூட்டை கெடையாது."

பாய் ஏதோ தட்டினார், பெருக்கினார், உதட்டைப் பிதுக்கி யோசித்தார், இத்தனை பெட்டி என்று சொன்னார். "ஃபுட்போர்டுக்குன்னு ரெண்டு பெட்டி சேத்து எடுத்துக்கோங்க. ஒடஞ்சா ஆவும்" என்றார். அந்தக் கணக்கு கடைசிவரை சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே வரும்போது பாய் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்: "டைல்ஸ் கல்லு போட்டு முடிச்சதும் ஒரு நாளு முழுக்க எவனும் கால் வெக்கக்கூடாது. மீறி வெச்சீங்கன்னா அந்தக் கல்லு ஆயுசுக்கும் லொடலொடன்னு பேசிக்கினே இருக்கும். அப்புறம் என்னக் கேக்கக்கூடாது."

தரையைப் பெயர்க்கிற வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே தொடங்கியது. கட்டில், பீரோ, தையல் மெஷின், டிவி எல்லாம் பின்கட்டுக்குப் போயின. மணிபாரதி கடப்பாரையைத் தூக்கிப் பள்ளத்தின் நடுவில் ஒரு போடு போட்டான். கடப்பாரை இடுப்பளவு உள்ளே போய்விட்டது. அவனும் கூடவே குனிந்து முட்டிபோட்டான்.

கீழே மண்ணே இல்லை. சிமெண்டுப் பாளத்தைப் புரட்டிப் பார்த்தபோது, கட்டில் கிடந்த இடத்திலிருந்த வெடிப்பிலிருந்து தொடங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, உள்ளே ஒரு அறை போல அகன்ற வளை தெரிந்தது. அதன் மூலையில் உட்கார்ந்திருந்த பெருச்சாளி இவர்களை நிமிர்ந்து பார்த்தது. பூனையளவு இருந்தது. தூக்கத்தைக் கெடுத்தவர்களைப் பார்க்கிற பார்வை. கலியம்மாள் துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது எழுந்து, அவசரமில்லாமல் எல்லாருடைய கால்களுக்கும் நடுவில் நடந்து, வாசல்வழியாக இறங்கித் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் நுழைந்தது.

"வூட்டுக்காரரே போய்ட்டாரு" என்றான் மணிபாரதி.

வளைக்குள்ளிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. சோப்புகள், பாதி தின்றதும் பிரிக்காததும். அர்ச்சனாவின் ஒற்றைக் கொலுசு. டிவி ரிமோட், இதற்காக ஒரு வருஷம் கேபிள்காரரோடு சண்டை போட்டிருந்தார்கள். ஒரு குழந்தைச் செருப்பு, யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கலியம்மாளின் இஞ்ச் டேப், ஓரமெல்லாம் கடித்துக் குதறி. தங்கவேலின் பழைய விசில். அவர் அதைத் துடைத்து ஊதிப் பார்த்தார். சத்தம் வந்தது.

"நல்லவேள, அது ஊதக் கத்துக்கல" என்றாள் கலியம்மாள். "அதுவும் சேந்து என்ன உள்ள போ உள்ள போன்னு சொல்லியிருக்கும்."

வளையை ஜல்லியும் மண்ணும் கொட்டி மூடி, தண்ணீர் விட்டு இடித்து நிரப்பினார்கள். மட்டம் பார்ப்பதில் சண்டை வந்தது. மணிபாரதி போனில் ரசமட்டம் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கி வைத்திருந்தான். எங்கே வைத்தாலும் அது தரை சாய்வாக இருக்கிறது என்றது. ஜன்னல் திட்டில் வைத்தான், அதுவும் சாய்வு. கோயில் பிராகாரத்துக்குப் போய் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "ஊரே சாஞ்சிகீது மாமா" என்றான். போனின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டிருப்பதை அர்ச்சனாதான் காட்டினாள். தங்கவேல் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, கூடத்தில் அங்குமிங்கும் நடந்து காலாலேயே மட்டம் சொன்னார். "இங்க கொஞ்சம் பிரேக் அடிக்குது. இங்க வளைவு." கலியம்மாள் யாரையும் நம்பவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டினாள். அது நின்ற இடத்திலெல்லாம் மண் போடச் சொன்னாள். கடைசியில் எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கவேலுக்குக் காலை ட்ரிப்புக்கு மட்டும் மாற்று ஆள் கிடைத்தான். மதியம் பஸ் கிருமாம்பாக்கம் வரும்போது ஏறிக்கொள்வதாக டிரைவர் அந்தோணிசாமியிடம் சொல்லியிருந்தார். சட்டையை வாசல் பக்கச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டினார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில் மறுபடியும் ஒத்துப்போகவில்லை. வாசலிலிருந்துதான் என்றார் தங்கவேல். ஏறுகிற இடத்திலிருந்துதானே எதுவும் ஆரம்பிக்கும். சமையலறைப் பக்கத்திலிருந்து என்றான் மணிபாரதி, வீடியோவில் அப்படித்தான். ஈசானி மூலையில் சாமி படத்துக்குக் கீழே தொடங்காவிட்டால் தான் இதில் கையே வைக்கமாட்டேன் என்றாள் கலியம்மாள். அரைமணி நேரம் கத்தினார்கள். அப்புறம் ஆளுக்கொரு கரணையும் ரப்பர் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, அவரவர் இடத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அர்ச்சனா நடுவில் நின்று கலவை குழைத்து மூன்று பக்கமும் கொடுத்தாள்.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, நாலு மூலையிலும் தட்டி, அடுத்தது. கண்ணெதிரே பளபளவென்று தரை வளர்ந்தது. யார் வேகம் என்று போட்டியும் வந்துவிட்டது. சுவரோரமெல்லாம் முடிந்தது. மூன்று பேரும் குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்தார்கள். மத்தியான வெயில் வாசலில் விழுந்த நேரத்தில், தங்கவேலின் முதுகு எதிலோ இடித்தது. திரும்பிப் பார்த்தார். அது மணிபாரதியின் முதுகு. பக்கத்தில் கலியம்மாள். நடுவில், கலவைச் சட்டியைக் கட்டிக்கொண்டு அர்ச்சனா.

நால்வரும் எழுந்து நின்றார்கள். சுற்றி நாலு பக்கமும் ஈரக்கல். அவர்கள் நின்ற மண்திட்டு ஒரு பஸ் படிக்கட்டு அகலம் இருக்கும். அவர்களோடு அந்தத் தீவில் கலவைச் சட்டியும் ஃபுட்போர்டுக்கென்று வாங்கிய இரண்டு பெட்டிகளும் இருந்தன.

"அப்பா" என்றாள் அர்ச்சனா, "நாம எப்பிடி வெளிய போறது?"

"இன்னாடா மணி, ஒன் வீடியோல இதுக்கு இன்னா சொல்றான்?"

"அந்த வீடியோல ஒரே ஆளு மாமா."

"தாண்டிப் போலாமாக்கா?"

"எங்க தாண்டுறது? நீ இன்னா தவளையா?" என்றாள் கலியம்மாள். "ஒருத்தரும் கால் வெக்கக்கூடாது. பாய் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? ஆயுசுக்கும் பேசுமாம்."

"அப்ப நாளைக்கு வரைக்கும் நிக்கிறதா?"

"நிக்கிறதுதான ஒங்க தொழிலு."

அப்போது ஆணியில் மாட்டியிருந்த சட்டைப்பையில் போன் அடித்தது. அந்தோணிசாமிதான். பஸ் கிருமாம்பாக்கம் வந்துவிட்டது. கூடத்தில் இருந்த ஒரே வேலைசெய்கிற போன் அதுதான்; அர்ச்சனாவின் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது, மணிபாரதியுடையது வீடியோ பார்த்துப் பார்த்தே அணைந்து போயிருந்தது. நால்வரும் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு கலியம்மா. கால் மரத்துப்போச்சு" என்றார் தங்கவேல்.

"எங்க தள்றது? எடமில்ல."

"எடமெல்லாம் இருக்குது. மனசு வெச்சாத் தள்ளலாம்."

"இன்னொரு தடவ அதச் சொன்னீங்க, புடிச்சு ஈரக்கல்லு மேல தள்ளிவுட்டுடுவேன்."

மெயின் ரோட்டில் நடந்தது பின்னால்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. மாற்று ஆள் பேசி வைத்திருந்தபடியே கிருமாம்பாக்கத்தில் இறங்கிப் போய்விட்டான். கண்டக்டர் இல்லாமல் பஸ்ஸை எடுக்கக்கூடாது. அந்தோணிசாமி ஹாரன் அடித்தார், போன் அடித்தார், கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு, தங்கவேல் வீட்டைப் போய்ப் பார்க்கலாம் என்று இறங்கி நடந்தார். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பயணிகளும் ஒவ்வொருவராக இறங்கி அவர் பின்னால் வர ஆரம்பித்தார்கள். கடலூருக்கு மீன் கூடையோடு போகிற பூரணாங்குப்பத்துப் பெண்கள், கல்யாண வீட்டுக்குப் போகிற பட்டுச்சேலைக் குடும்பம், சினிமாவுக்குப் போகிற காலேஜ் பிள்ளைகள் என்று ஒரு ஊர்வலமே தெருவுக்குள் நுழைந்தது. அதைப் பார்த்துத் தெருவும் சேர்ந்துகொண்டது.

அந்தோணிசாமி நிலைப்படியில் வந்து நின்றார். கூடத்தின் நடுவில் ஒரு குடும்பம் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதைப் பார்த்தார்.

"தங்கவேலு, இன்னாயா பண்ற?"

"தரை போட்டேன்."

"போட்டுட்டு?"

"மாட்டிக்கினேன்."

அதற்குள் இரண்டு ஜன்னலும் முகங்களால் நிறைந்துவிட்டன. யோசனைகள் வர ஆரம்பித்தன. ஒருத்தர் மின்விசிறிக் கொக்கியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். கயிறு கட்டி இழுக்கலாம் என்றார் ஒருத்தர், எதில் கட்டி எங்கே இழுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மீன்காரப் பெண் ஒருத்தி ஜன்னல் கம்பிக்குள் கைநீட்டித் தங்கவேலையே குறிவைத்துச் சொன்னாள்:

"கண்டக்டரே! இவ்ளோ எடம் வெச்சிக்கினு ஏன் ஒரே எடத்துல நிக்கிறீங்க? உள்ள போங்க, உள்ள போங்க!"

தெருவே சிரித்தது. அப்புறம் அது ஓயவில்லை. "முன்னாடி நவுருங்க சார்", "ஏறுறவங்க ஏறுங்க, எறங்குறவங்க எறங்குங்க", "மனசு வெச்சாப் போலாம் கண்டக்டரே" என்று அவர் காலமெல்லாம் சொன்ன வார்த்தைகள் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக அவர்மேல் வந்து விழுந்தன. தங்கவேல் தலை குனிந்து நின்றார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. முதுகில் ஏதோ குலுங்குவது போலிருந்தது. கலியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் குலுங்கிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தால் கால் வழுக்கும் என்பதால் நால்வரும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வழி ராஜ்மோகனிடம் இருந்தது. அவன் பெயிண்டர், அந்த பஸ்ஸில் வந்தவன். அவனிடம் நீளமான அலுமினிய ஏணி ஒன்று உண்டு. அதை பஸ் கூரையில் ஏற்றக்கூடாது என்று தங்கவேலும், ஏற்றியே தீருவேன் என்று அவனும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சண்டை போடுவார்கள். அன்றைக்கு மாற்று ஆள்தானே என்று ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பஸ்ஸிலிருந்து அதை எடுத்துவந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலில் நின்றவன், தோளிலிருந்து இறக்கவில்லை.

"ஏணி வேணுமாண்ணே?"

தங்கவேல் வேறு பக்கம் பார்த்தார்.

"கேட்டாத்தான் தரமுடியும்."

"கேளுங்க" என்று முதுகில் முழங்கையால் இடித்தாள் கலியம்மாள்.

"வேணும்பா" என்றார் தங்கவேல்.

"இனிமே ஏத்தவுடுவீங்களா?"

"ஏத்திக்கோ."

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று ஜன்னல்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு ராஜ்மோகன் ஏணியை உள்ளே நீட்டினான். ஒரு முனையை நிலைப்படி மேல் வைத்தார்கள். மறுமுனையைத் தீவிலிருந்த இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் ஏற்றினார்கள். ஈரக்கல்லுக்கு மேலே பாலம் ஒன்று உருவாகிவிட்டது.

எல்லாரையும் இறக்கிவிடும் பொறுப்பைத் தங்கவேல் எடுத்துக்கொண்டார். லுங்கி மடிப்பிலிருந்து, வளையில் கிடைத்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். முதலில் அர்ச்சனா, பூனை மாதிரி நாலு காலில் போனாள். மணிபாரதி நடந்தே போகிறேன் என்று வீரம் பேசிவிட்டு, இரண்டாவது படியிலேயே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போனான். கலியம்மாள் ஏறியபோது ஏணி நடுவில் தொய்ந்து, கல்லைத் தொடுவதற்கு விரல் நுழையும் இடைவெளிதான் இருந்தது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு, ஏணியைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். கடைசியாக எல்லாரையும் இறக்கிவிட்ட கண்டக்டர் ஏறினார். எதையும் பிடிக்காமல், காலை அகட்டி வைத்து, ஆடுகிற ஏணிமேல் நிமிர்ந்து நடந்து வந்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நடையைப் பார்த்துக் கைதட்டினார்கள். வருகிற வழியில் கைநீட்டி ஆணியிலிருந்த சட்டையையும் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்த பஸ் கடலூர் போய்ச் சேர ரொம்பத் தாமதமானது. டிக்கெட்டெல்லாம் சிமெண்டுக் கைரேகையோடு இருந்தன. கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்குச் சாப்பாடு மட்டும்தான் கிடைத்தது, அதைப் பற்றி அவர்கள் குறைசொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் மிதிக்கலாம் என்றானபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து வந்ததில் வரிசைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. தங்கவேலுடையது நேராக வந்தது, மணிபாரதியுடையது போகப்போகச் சாய்ந்தது, கலியம்மாளுடையது சாமியைப் பார்த்துக் குறுக்கே போயிருந்தது. நடுவில் அவர்கள் நின்றிருந்த மண்திட்டு எந்தக் கணக்கிலும் சேராத ஒரு வடிவத்தில் மிச்சமிருந்தது. எந்தக் கல்லை வைத்தாலும் ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் ஓட்டை விழுந்தது.

"எல்லாத்தையும் பேத்துட்டு மொதல்லருந்து போடணும் மாமா" என்றான் மணிபாரதி. தங்கவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

கலியம்மாள் பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து அந்தத் திட்டின்மேல் விரித்தாள். ஓரமெல்லாம் நகத்தால் கீறி, கத்தரிக்கோலால் வெட்டினாள். வருஷக்கணக்காக அக்குள் வளைவுக்கும் கழுத்து வளைவுக்கும் துணி வெட்டிய கை. பேப்பரை நான்கு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கல்லின்மேல் வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். தம்பியைக் கல் வெட்டுகிற மெஷினைப் பிடிக்கச் சொன்னாள். முதல் கல் உடைந்தது. அடுத்தது உடையவில்லை. சாயங்காலத்துக்குள் நடுவில் ஒரு வினோதமான பூ மாதிரி நாலு துண்டுகளும் போய் உட்கார்ந்துகொண்டன. சந்தில் ஒரு நூல்கூட நுழையாது.

ஷேக் மைதீன் பாய் செய்தி கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "இது இன்னா டிசைனு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் கடைச் சுவரில் அந்த போட்டோ மாட்டியிருந்தது. வில்லியனூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதேபோல வேண்டும் என்று கேட்டதாகவும், அது ரொம்பக் கஷ்டமான வேலை, அதற்கென்று ஆள் வரவேண்டும் என்று பாய் சொன்னதாகவும் அர்ச்சனா கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த ஆள் வரத்தான் செய்தாள், கலியம்மாள்தான். முதலில் பூரணாங்குப்பத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ஆதிலட்சுமியின் சமையலறை. சொந்தக்காரிதானே என்று போனது. அங்கே பார்த்த ஒருவர் கூப்பிட்டார். அப்புறம் பாயே போன் பண்ணினார். இப்போது தையல் மெஷினுக்குமேல் துணி போர்த்தியிருக்கிறது. தீபாவளி நெருங்கினால்தான் எடுப்பாள். மணிபாரதியின் குட்டியானையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு பை நிறையப் பழைய செய்தித்தாளும் கத்தரிக்கோலுமாக அவள் வேலைக்குப் போகிறாள். கொத்தனார்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மூலைமுடுக்கில் கல் சேராத இடம் வந்தால் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள்.

லீவு நாட்களில் தங்கவேலும் கூடப் போகிறார். அவருக்குக் கல் போடக் கொடுப்பதில்லை. கலவை குழைக்கிற வேலை. போன வாரம் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு புதுவீட்டில், வெயிலில் குந்தி உட்கார்ந்து மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கலியம்மாளின் சத்தம் வந்தது.

"இன்னாங்க, தண்ணி கம்மியாக் கீது. இன்னும் கொஞ்சம் வுடுங்க."

"போதும்னு நெனச்சேன்."

"நெனைக்காதீங்க. வுடுங்க."

தங்கவேல் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் விட்டார். கலவையைக் கையால் தொட்டுப் பார்த்தார், அவள் சொன்னது சரிதான். சட்டியில் அள்ளிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.